ஒற்றை நாற்காலி வகுப்பறையின் ஆசிரியைக்கு

மேற்குக் குவீன்ஸ்லாந்தின் தொலைநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று விடைபெறும் பெருந்தகை கொலீன் ஹாலரன் அவர்களுக்கு, உடனுழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

தொலைவையெல்லாம் தோழமையாக்கிய தூயவரே!

தங்கள் வகுப்பறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதுவும் தங்களுடையது. இவ்வாண்டின் மாணவர் அறுவரும் ஒரே ஆற்றோரம் ஆளுக்கொரு மாட்டுப் பண்ணையில், ஆளுக்கொரு கணினியின் முன்னே. முகம் தெரியும், குரல் கேட்கும். தட்டிக்கொடுக்க ஒரு தோள் இராது. அந்த வெறுமையில் வீற்றிருந்தே வாஞ்சையை வளர்த்தீர்கள்!

பொறுமையின் பொற்குவையே! தனியொருவரால் முடிக்கவியலாத பாடங்களையே தாங்கள் தந்தீர்கள். அறுவரும் தத்தம் வீட்டு மழைமானியைப் பார்த்து அளவு சொன்னால்தான், திரையில் அவர்கள் வரையும் ஆறு மேலிருந்து கீழ்வரை ஓடும். நடுப்பண்ணை டெஸ்ஸாவுடையது. அண்ணன் விடுதிப் பள்ளிக்குப் போன நாள்முதல் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. எட்டு நாள் அவள் அளவு வராமல் திரையில் அந்த ஆறு நடுவே அறுந்து கிடந்தது.

"தோராயமா ஒண்ணைப் போட்டுட்டு மேல போங்க கொலீன். இல்லேன்னா அவளை இந்தக் குழுவுலேர்ந்து எடுத்துடலாம்" என்றோர் வேறு யாருமல்லர், நாங்களே.

"அது அவ வீட்டு மழை. அவதான் சொல்லணும்" என்றீர்கள்.

ஒன்பதாம் நாள் கீழ்ப்பண்ணை ஜெட் பொறுக்கமாட்டாமல் கேட்டான்: "ஏய் டெஸ்ஸா, எங்களுக்கு வர்ற தண்ணியைப் புடிச்சு வச்சுக்கிட்டு என்ன பண்றே? குளிக்கிறியா?"

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு மெல்லிய குரல்: "பதினாலு மில்லிமீட்டர்... உள்ள ஒரு தவளை இருந்துச்சு மிஸ். அதைக் கழிக்கணுமா?"

"தவளையைக் கேட்டுச் சொல்லு" என்றீர்கள் தாங்கள்.

அன்று ஆறு ஜெட் வீடுவரை ஓடியது. தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைக் கதவருகே நின்று கண்டோம்.

கடமையின் கண்மணியே! வகுப்பு முடிந்தும் இணைப்பைத் தாங்கள் முதலில் துண்டித்ததே இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கையசைத்து மறைய, திரையின் கடைசிச் சதுரமும் கறுத்த பின்னரும் அந்த நாற்காலியில் தனித்தே அமர்ந்திருப்பீர்கள். உள்ளே வந்து உடனமர எங்களுள் எவருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை. பொறுத்தருள்க.

இம்மடல் வாசிக்கப்படும் இவ்வேளையில் அறுவரும் திரையில் இருக்கிறார்கள். வாழ்த்தாக டெஸ்ஸா சொல்லியனுப்பியதை மாற்றாமல் சேர்க்கிறோம்: "மிஸ், இன்னைக்கு நீங்க மொதல்ல எந்திரிச்சுப் போங்க. நீங்க போற வரைக்கும் நாங்க யாரும் போக மாட்டோம்."

நோயின்றி, நெடுநாள், நிறைமகிழ்வோடு வாழ்க! எழுந்து செல்க, அம்மையீர். அறையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் தங்கள் அன்பில்,
பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும்