பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள்

அவைத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் மின்விசிறிக் காற்று முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் மருத்துவமனை மேலாளர் அவர்களே, மூட்டு வலியை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்திருக்கும் மூத்தோரே, என்னைப் பெறாத தாய்மார்களே, அனைவருக்கும் அடியேனின் வணக்கம்.

ஏழாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். ஆனால் காய்கறி மண்டியில் நான் ஏலம் கூவினால், ஆற்றுக்கு அக்கரையில் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும். என் குரல் பட்டே தக்காளி பழுத்தது என்பார்கள் வியாபாரிகள். யாரய்யா அங்கே சிரிப்பது? வேண்டுமானால் அரைக்கூடை தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

அந்தக் குரலுக்கு, மண்டியை விட்டு வந்தபின், வீட்டில் என்ன மரியாதை? "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்றான் மகன். "மாமா, குழந்தை தூங்குது, பின்னாடி ரூமுக்குப் போயிடுங்க" என்றாள் மருமகள். போனேன். அழுக்குத் துணிக் கூடைக்கும் கால் உடைந்த நாற்காலிக்கும் நடுவே நானும் ஒரு சாமானாகக் கிடந்தேன். தும்மலைக்கூடத் தலையணைக்குள் தும்மினேன் ஐயா.

முழங்காலைக் காட்ட மருத்துவமனைக்குப் போனேன். ஜன்னலுக்குள்ளிருந்து நர்ஸம்மா பெயர் கூப்பிட்டார். அது அவருக்கே கேட்டிருக்காது. மிஷின் சத்தத்தில் காது மந்தமான தையற்கார அம்மா ஒருவர், கண்ணைக் காட்டக் காலையிலிருந்து காத்திருந்தவர், மதியம் எழுந்துபோய் விசாரித்தார். "கூப்பிட்டப்ப எங்கம்மா போனீங்க? நாளைக்கு வாங்க" என்றார் நர்ஸம்மா.

எங்கே போனார்? எதிர் பெஞ்சில்தானே இருந்தார்? எனக்கு உச்சந்தலை கொதித்தது. "நர்ஸம்மா, அடுத்த பேரை என்கிட்ட சொல்லுங்க" என்று வாங்கிக் கூவினேன் பாருங்கள், கூரைப் புறாக்கள் பறந்தன. ஆம்புலன்ஸ் டிரைவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே ஓடி வந்தார். அந்த அம்மா நிமிர்ந்தார். "அண்ணே, எனக்கே கேட்டுடுச்சு" என்றார்.

அன்று முதல் தினமும் சவரம், தேய்த்த சட்டை, ஜன்னலோரம். என்னை எதிர்பார்க்கவும் ஆள் இருந்தது.

பொறுத்ததா இவர்களுக்கு? சுவரில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியை மாட்டினார் மேலாளர். "பெரியவரே, இது மண்டி இல்ல. இனிமே வராதீங்க" என்றார். பெட்டி பெயரா சொல்கிறது? கரகரவென்று தொண்டையைச் செருமுகிறது. நேற்று அதே அம்மாவை மறுபடி திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதோ, முன்வரிசையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மேலாளரே, காது மங்கியது அவர் குற்றமா? குரல் மங்காதது என் குற்றமா? சத்தம்தான் பிடிக்கவில்லையா, எங்களையே பிடிக்கவில்லையா? என்ன சொல்கிறீர்கள்? "அப்புறம் பேசிக்கலாம், உட்காருங்க"வா? உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஐயா, அந்தப் பின்னறையில் பாதி செத்தேன். இனி உட்கார மாட்டேன்.

நாளைக் காலை வருவேன். கதவு திறந்தால் ஜன்னலோரம் நின்று கூப்பிடுவேன். சாத்தினால் வாசலில் நின்று கூப்பிடுவேன். பெஞ்சில் இருப்பவர்களே, ஜன்னலில் சொல்லும் பெயரை வாய்க்கு வாய் மாற்றி வெளியே அனுப்புங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தாயே, தைரியமாக வாருங்கள். நாளைக்கு உங்கள் பெயர் கேட்கவில்லை என்று இந்த ஊரில் எவனும் சொல்ல முடியாது.

தட்டிய கைகளுக்கும், தட்டாமல் காதைப் பொத்திக்கொண்ட கைகளுக்கும் நன்றி. வணக்கம்.