படத்தில் தெரியாத கை

அருங்காட்சியக இயக்குநர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, நம்மைவிட்டு மறைந்த அக்காவின் பிள்ளைகளே, என்னோடு வேலை பார்ப்பவர்களே, வணக்கம். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் புகைப்படப் பிரிவின் தலைவரை என்றாவது பதவிப் பெயர் சொல்லி அழைத்தோமா? 'பூதக்கண்ணாடி அக்கா' என்றுதானே அழைத்தோம்! ஐம்பதுகளில் எடுத்த குடும்பப் படங்களை அவரைப் போல யார் பார்த்தார்கள்? ஒரு படத்தில் மேசைமேல் ரேடியோ. "வசதியின் அடையாளம்" என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அக்கா வேறு குடும்பங்களின் படங்களை எடுத்துப் பரப்பினார். எல்லாவற்றிலும் அதே ரேடியோ!

"ஊருக்கே ஒரே ரேடியோவா? இது ஸ்டூடியோக்காரரோடது, தாயே. அவர் கொடுத்ததையெல்லாம் தள்ளிவச்சிட்டுப் பாரு. மிச்சம்தான் குடும்பம்."

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்தது நினைவிருக்கிறதா? அவர் கொண்டுவந்த படத்தில் ஸ்டூல்மேல் நிற்கும் குழந்தை அவர்தான். பக்கத்தில் அவருடைய அம்மா.

"முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க. என்னைத் தொடக்கூட இல்ல. இது என் வீட்ல வேணாம், நீங்களே வச்சுக்குங்க."

அக்கா பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தார். "உங்க கவுன் ஏன் இடுப்புல இப்படி இறுகியிருக்கு?"

"அளவு பத்தாம இருக்கும்."

"சரி, அம்மாவோட இடது கை எங்கே?"

செவிலியர் தேடினார். கையைக் காணோம்.

"உங்க முதுகுக்குப் பின்னாடி. கவுனைக் கொத்தாப் பிடிச்சிருக்காங்க. முகத்தையும் திருப்பலம்மா. ஸ்டூல் காலைப் பார்க்கிறாங்க. ஆடுது போல."

செவிலியர் பூதக்கண்ணாடியை மறுபடி படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க, இதைத் தர முடியாது."

"நல்ல படம் ஒண்ணு போச்சே!" என்று நம் இயக்குநர் வருந்தினார். "போகல சார், வீடு போய்ச் சேர்ந்திருக்கு" என்றார் அக்கா.

எனக்குப் பின்னால் மாட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். நம் பிரிவினர் சேர்ந்து எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, வேலைக்கு வந்த புதிதில், பின்வரிசையில் ஒளியப் பார்த்தேன். படத்திலோ முன்வரிசையில் நிற்கிறேன், தடுக்கி விழப்போகிறவள் மாதிரி! பக்கத்தில் அக்கா, ஒன்றுமே அறியாதவர்போல் சிரிக்கிறார். அவருடைய வலது கையைத் தேடுங்கள். தெரியாது.

அக்கா, பெயர் தெரியாதவர்களின் படங்கள் இன்னும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒன்றைக்கூட ஒதுக்கமாட்டோம். திங்கட்கிழமை காலை முதல் பெட்டியை நான் திறக்கிறேன். என் முதுகிலிருந்து கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.