ஏய் என்று கூப்பிட்டவர்

உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. காவல் நிலையத்தில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் சட்டென்று கண்ணில் படும்.

நாலாம் அறைப் பெரியவர் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். நாங்கள் அவரைத் துரை என்போம். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். இடுப்பெலும்பு முறிந்து, எழுந்து நடக்க முடியாமல் வந்து சேர்ந்தார். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. என்னை "ஏய்" என்பார். பால் ஆறியிருந்தால் என் புடவையில் கொட்டுவார். ஒருநாள் மூத்திரக் குடுவையையே வீசினார். மேலாளரிடம் போய் நின்றேன். 'ஊழியர்களை மரியாதையாக நடத்தவும்' என்று சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டி, "படிக்கச் சொல்லும்மா" என்றார். துரைக்குக் கண் சரியாகத் தெரியாது.

சரி, நாமே சொல்லிக்கொடுப்போம் என்று முடிவு செய்தேன். கை ஓங்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. அழைப்பு மணியை எட்டாத அலமாரியில் வைத்தேன். தண்ணீர் கேட்டால், "எப்படிக் கேக்கணும்?" என்பேன். வீம்புக்காரர், முதல் நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. மறுநாள் உதடு வெடித்த பிறகு, "தண்ணி குடுங்க" என்றார். அந்த நிமிஷமே கொடுத்தேன். நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை. ஈரத் துணியை மாற்ற வேண்டுமென்றால் 'தயவுசெஞ்சு', மாற்றியதும் 'நன்றி'. ஒரே மாதத்தில் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த மகளிடம், "உன்னைச் சிரமப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கோம்மா" என்றாராம். அவள் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கம்மாகிட்டகூட அவர் இப்படி ஒரு வார்த்தை பேசினதில்லக்கா. என்ன மாயம் பண்ணீங்க?"

"அன்புதாம்மா" என்றேன்.

மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கும் பயிற்சி கொடுக்கச் சொன்னார். இரண்டு மாடியிலும் மணிகள் அலமாரி ஏறின. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், இப்படி ஓர் அமைதியான இல்லத்தைப் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை துரையைக் குளியலறை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, துண்டு எடுக்க வெளியே வந்தேன். தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. கூடவே, "ஏய்!"

இத்தனை பாடுபட்டும் பழைய புத்தி போகவில்லையே என்று மனசு விட்டுப்போனது. காதில் விழாத மாதிரி துண்டுகளை மடிக்க ஆரம்பித்தேன். "ஏய், ரத்தம் வருது" என்றார். பிறகு சத்தமில்லை. யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அதைச் சொன்னார். குரல் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"அம்மா... தயவுசெஞ்சு கொஞ்சம் வாங்க."

'எப்படிக் கேக்கணும்?' என்று நான் கேட்காமல் அவராகவே சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது. துண்டை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே அப்படியே உட்கார்ந்திருந்தேன்.