காலைன்னு போடு

— மாத்து அதை.

— அம்மா, மெதுவா பேசு. இது ஆஃபீஸ்.

— மூணு மாடி ஏறி வந்திருக்கேன். மூச்சே இப்பத்தான் திரும்புது, இதுல மெதுவா வேற பேசணுமா? அந்தப் படத்துக்குக் கீழ மாலைன்னு போட்டிருக்கியே, அதை எடுத்துட்டு காலைன்னு போடு. நான் பாட்டுக்குக் கிளம்பிடறேன்.

— எந்தப் படம்?

— எதுவும் தெரியாத மாதிரி கேக்காதே. மில் வாசல்ல எட்டுப் பொம்பளைங்க நடந்து வர்ற படம். பக்கத்து வீட்டுக்காரி நேத்து போன்ல காட்டினா. 'உங்க பொண்ணு வேலை பாக்கிற ஆவணக் காப்பகத்தோட வலைத்தளத்துல உங்க படம் வந்திருக்கு, வேலைநிறுத்தத்துல முதல்ல வெளிய வந்த எட்டுப் பெண்கள்னு போட்டிருக்கு'ன்னு சொல்லி என் கையைப் பிடிச்சுக் குலுக்குறா. முப்பத்திரண்டு வருஷமா என் முகத்தைப் பார்த்துப் பேசாதவ.

— நல்லதுதானேம்மா?

— என்னடி நல்லது? நான் வெளிய வரல. உள்ள போனேன்.

— உட்காரு முதல்ல. இந்தா, தண்ணி குடி. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. காலையா மாலையான்னு தெரியாத படம் மட்டும் இங்க நானூத்துச் சொச்சம் இருக்கு. ரயில் நிலையம், தெரு, ஆத்தங்கரை, எதை எடுத்தாலும் வெயில் சாஞ்சு கிடக்கும், நிழல் நீளமா இருக்கும். விடியும்போதும் வெளிச்சம் அப்படித்தான், பொழுது சாயும்போதும் அப்படித்தான். நேரம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஏதாவது ஒண்ணைப் போட்டாத்தான் படத்தை வலைத்தளம் ஏத்துக்கும்.

— அதுக்காக வாய்க்கு வந்ததைப் போடுவியா?

— வாய்க்கு வந்ததைப் போடல. மில்லுக்கு ஒரே வாசல், கிழக்கு பார்த்தது. எட்டுப் பேரும் கேமராவைப் பார்த்து நடந்து வர்றீங்க. வெயில் உங்க முதுகுல அடிக்குது, நிழல் முன்னால விழுது. போட்டோக்காரர் வாசலுக்கு வெளிய நின்னிருந்தா நீங்க வெளிய வர்றீங்க, சூரியன் மேற்கே, அப்போ மாலை. உள்ள நின்னிருந்தா நீங்க உள்ள போறீங்க, சூரியன் கிழக்கே, அப்போ காலை. பின்னால வெயில் கூசி எதுவும் தெரியல, அவர் எங்க நின்னாருன்னு படத்தைப் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது.

— நான் சொல்றேனே. உள்ளதான் நின்னான். முதலாளி வெச்ச ஆளு. மில் ஓடுதுன்னு ஊருக்குக் காட்ட எங்களைப் படம் புடிச்சு நோட்டீஸ் அடிச்சு ஒட்டினாங்க.

— அந்த நோட்டீஸே பித்தலாட்டம்னு சங்கத்துலேர்ந்து கடிதம் வந்திருக்கு. வேலைநிறுத்தம் ஆரம்பிச்ச சாயங்காலம் நீங்க வெளிய வந்த படத்தை, உள்ள போனதா முதலாளி கதை கட்டிட்டாராம்.

— சங்கத்துல இப்போ இருக்கிற பசங்க அப்போ டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சவங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? ஆரம்பிச்ச அன்னிக்கு நானூறு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டிக்கிட்டு வெளிய வந்தோம். அந்த வாசல்ல எட்டுப் பேர் வரிசையா, இடைவெளி விட்டு நடந்து வர முடியுமா? கொஞ்சம் யோசி. அப்புறம் மூணாவதா வர்றவ கையைப் பாரு. பெரிசு பண்ணிக் காட்டு.

— அது நீதான்.

— தெரியுது. டப்பாவை எப்படிப் பிடிச்சிருக்கேன்? நேரா, இடுப்போட அணைச்சு. சாப்பாடு உள்ள இருந்தாத்தான் அப்படிப் பிடிப்போம், குழம்பு ஒழுகிடும்னு. காலி டப்பாவை அவ்வளவு பத்திரமா யாராவது தூக்கிட்டு வருவாங்களா? வீசிக்கிட்டு வருவோம்.

— பார்த்தேன்.

— என்ன பார்த்தே?

— டப்பாவைப் பார்த்தேன். போன வாரமே பார்த்தேன். காலைதான்னு எனக்கும் தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டேவா மாலைன்னு போட்டே?

— ஆமா. தெரிஞ்சுதான் போட்டேன். என்ன செய்யணும்கிறே? பள்ளிக்கூடத்துல என் பெஞ்சுல யாரும் உட்கார மாட்டாங்க, ஞாபகம் இருக்கா? கருங்காலி மகள்னு கரும்பலகையில எழுதி வெப்பாங்க. வாத்தியார் அதை அழிச்சுட்டுப் பாடம் நடத்துவாரு, யார் எழுதினதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அத்தனை வருஷம் கழிச்சு ஒரு கட்டம் என் கைக்கு வந்துச்சு. ரெண்டுல எதைப் போட்டாலும் யாராலயும் தப்புன்னு சொல்ல முடியாது. போட்டுட்டேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்ல.

— எழுதினதை நீ ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா நீ பள்ளிக்கூடத்துக்கே வந்துடுவே. இன்னிக்கு வந்த மாதிரி.

— வந்திருப்பேன்தான்.

— அப்பாவை நினைச்சுப் பாரு. வேலைநிறுத்தக் கமிட்டியில இருந்த மனுஷன். பொண்டாட்டி வேலைக்குப் போயிட்டாள்னு ஊரே காறித் துப்புது. அவர் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. இருந்திருந்தா இந்தப் படத்தைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு.

— ஒரு வார்த்தை சொன்னதில்லதான். அதை விடு, காலைன்னு போடு.

— மன்னிக்கணும், சத்தம் கேட்டுச்சு. நான் இங்க பொறுப்பாளர். நீங்க இவங்க அம்மாவா? வணக்கம்மா.

— வணக்கம் சார். உங்க வலைத்தளத்துல தப்பு இருக்கு. சொல்ல வந்தேன்.

— கேட்டேன்மா. பாருங்க, இப்படி ரெண்டுங்கெட்டானா இருக்கிற படத்துக்கெல்லாம் ஒரு வழி இருக்கு. 'நிச்சயமில்லை'ன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். அதைப் போட்டுட்டா உங்களுக்கும் மனசு ஆறும், சங்கத்துக்காரங்களுக்கும் கோபம் வராது. எல்லாருக்கும் சௌகரியம்.

— யாருக்கு நிச்சயமில்ல?

— படத்துக்கும்மா.

— படத்துக்கு என்ன சார் தெரியும்? போனவ நான். எனக்கு நிச்சயம். அஞ்சே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன், ஆறே காலுக்கு அந்த வாசலைத் தாண்டினேன். தரையில பனி ஈரம் இன்னும் காயல, கால் சில்லுன்னு இருந்துச்சு. உங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, என் காலைப் பொழுதை எடுத்து நிச்சயமில்லைன்னு எழுதாதீங்க.

— கோவிச்சுக்காதீங்க. பாருங்க, அடுத்த வாரம் சங்கத்துல விழா. உங்க எட்டுப் பேர்ல இருக்கிறவங்களை மேடையில உட்கார வெச்சு மரியாதை பண்றாங்களாம். இப்போ காலைன்னு மாத்தினா, பழையபடி உங்க பேருதான் கெடும். அதையும் யோசிச்சுக்குங்க.

— கெட்டுப்போன பேரோட முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு சார். அது எனக்குப் பழகிடுச்சு. செய்யாததுக்கு மாலை வாங்கிக்கிட்டு மேடையில உட்காரறதுதான் பழக்கமில்ல.

— அப்போ ஏன் போனீங்கன்னு நான் கேக்கலாமா?

— இப்பத்தான் சார் ஒரு ஆளு கேக்கிறீங்க. பெத்த பொண்ணு கூடக் கேட்டதில்ல.

— வீட்டுல சாப்பாட்டுக்கு இல்லாம நீ போயிருப்பேன்னு நினைச்சேன். அதை எப்படிம்மா உன்கிட்ட கேப்பேன்?

— சாப்பாடு இருந்துச்சுடி. கஷ்டப்பட்டோம், ஆனா இருந்துச்சு. அப்போ மில்லுல பொம்பளை மாசமா இருக்கான்னு தெரிஞ்சா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவாங்க. வயித்தை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஆறு மாசம் ஏழு மாசம் வரைக்கும் மறைப்போம். ஒருத்தி மிஷின் பக்கத்துலயே விழுந்து, பிள்ளை போச்சு. பிரசவத்துக்கு லீவு வேணும், திரும்பி வந்தா வேலை இருக்கணும்னு நாங்க கேட்டோம். கோரிக்கைப் பட்டியல்ல ஒன்பதாவதா சேர்த்தாங்க. அந்த ஒன்பதையும் நம்பித்தான் நாங்க வெளிய வந்தோம்.

— அப்புறம்?

— பத்தாவது நாள் பேச்சுவார்த்தைக்குப் போறதுக்கு முன்னால ஒன்பதாவதை அடிச்சுட்டாங்க. பொம்பளைங்க சமாச்சாரத்தை அப்புறம் பாத்துக்கலாம், இதுக்காகப் பேச்சு முறியக் கூடாதுன்னு. நாங்க எட்டுப் பேர் கமிட்டி முன்னால போய் நின்னோம். திரும்ப எழுதுங்க, இல்லேன்னா பன்னிரண்டாவது நாள் உள்ள போவோம்னு சொன்னோம். சிரிச்சாங்க. போய் அடுப்பைப் பாருங்கன்னாங்க. போனோம், அடுப்பைப் பாக்க இல்ல.

— உள்ள போய் என்ன செஞ்சீங்க?

— என்ன செய்வோம், வேலை செஞ்சோம். முழு நாள். மிஷினை உடைச்சோம், கொடி ஏத்தினோம்னு கதை விட மாட்டேன். அன்னிக்கு ராத்திரியே கமிட்டி கூடி ஒன்பதாவதைத் திரும்ப எழுதிச்சு. மறுநாள் காலைலேர்ந்து நாங்களும் வெளிய. இன்னும் இருபத்தேழு நாள் எல்லாரோடயும் பட்டினி கிடந்தோம். ஒன்பதும் கிடைச்சுச்சு. ஒன்பதாவதை வாங்கிக் கொடுத்தது கமிட்டின்னு கல்வெட்டுல எழுதினாங்க. எங்களுக்குக் கருங்காலின்னு பேரு வெச்சாங்க.

— இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல?

— சொன்னோமே. யாரு காது கொடுத்தாங்க? ஒரு அளவுக்கு மேல போங்கடான்னு விட்டுட்டேன். திட்டட்டும்னு இருந்தேன். திட்டும்போதாவது போனேன்னு ஒத்துக்கிட்டாங்க. நீ அதையும் பிடுங்கிட்டே. மாலைன்னு ஒரு வார்த்தையைப் போட்டு, நான் போகவே இல்லைன்னு ஆக்கிட்டே.

— பாருங்கம்மா, மாத்தறதுல எனக்குத் தடை இல்ல. ஆனா நெறிமுறைன்னு ஒண்ணு இருக்கு. தகவல் கொடுத்தவங்க பேரு வேணும்.

— என் பேரைப் போடுங்க. பெரிசாவே போடுங்க.

— விவரம்னு ஒரு இடம் இருக்கு, அதுல இதையெல்லாம் எழுதலாம். ஒண்ணு மட்டும் கவனம். 'சிலர்', 'யாரோ'ன்னு எழுதினா நான் அனுமதிக்க மாட்டேன். யார் என்ன செஞ்சாங்கன்னு பேரோட இருக்கணும். நாளைக்கு யாராவது கேட்டா பதில் சொல்லணுமில்ல? எழுதி முடிச்சுட்டு என் அறைக்கு அனுப்புங்க, கையெழுத்துப் போடறேன். வரட்டுமாம்மா?

— போய்ட்டு வாங்க சார். பரவாயில்லடி, உங்க ஆளு. பார்த்தா பயந்தவர் மாதிரி இருக்காரு, ஆனா பயப்படல.

— அம்மா, மத்த ஏழு பேரு? நெட்டை அத்தை முந்தாநாள் எனக்குப் போன் பண்ணி அழுதாங்க. பேரன்கிட்ட படத்தைக் காட்டினாங்களாம், அவன் பாட்டி ஹீரோன்னு சொன்னானாம். இப்போ போய் இல்லைன்னு சொல்ல முடியுமா?

— நேத்து சாயங்காலம் அவ வீட்டுக்குத்தான் போனேன். எனக்கு மாலையே இருக்கட்டும், நீ வேணும்னா உனக்கு மட்டும் காலைன்னு போட்டுக்கோன்னா. ஒரே படத்துல ஏழு பேருக்குப் பொழுது சாயுது, ஒருத்திக்கு மட்டும் விடியுதாம். சிரிச்சுட்டேன். அப்புறம் கேட்டேன், உன் மருமக பிள்ளை பெத்துட்டு ஆறு மாசம் சம்பளத்தோட வீட்டுல இருக்காளே, அது எந்தச் சாயங்காலம் நடந்து வந்ததால கிடைச்சுச்சுன்னு. காபி போட எழுந்து போனா. திரும்பி வந்து, காலைன்னே போடச் சொல்லு, ஆனா ஏன் போனோம்னும் போடச் சொல்லுன்னா. மத்தவங்களையும் கேட்டாச்சு. ரெண்டு பேரு இப்போ இல்ல. இருக்கிறவங்க சரின்னுட்டாங்க.

— விழா?

— கூப்பிட்டா போவேன். மேடையில மைக்கைக் கொடுத்தா இதையே சொல்லுவேன். கொடுக்க மாட்டாங்க.

— கொடுக்கலன்னா நான் வாங்கித் தரேன். சரி, நேரத்தை மாத்திட்டேன். பாரு. காலை.

— கண்ணாடி போடல. படிச்சுக் காட்டு.

— காலை, ஆறேகால் மணி. வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாவது நாள். போதுமா?

— போதும். நல்லா இருக்கு.

— இரு, இன்னும் முடியல. அப்போ நான்... எனக்கு முப்பத்தொண்ணு. அந்த நேரத்துல நீ...

— மூணு மாசம். எட்டுப் பேர்ல எனக்கு மட்டும்தான். மத்த ஏழு பேரும் எனக்காகத்தான் வந்தாங்க, அதையும் எழுதிக்கோ. அழுதுக்கிட்டே டைப் அடிக்காதே, எழுத்து தப்பா விழும்.

— நான் அழல. கோபமா இருக்கேன். என்னைச் சுமந்துக்கிட்டு எனக்காகப் போன உன்னை, என்னை வெச்சே அவமானப்படுத்தியிருக்காங்க. நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், மடச்சி. விவரத்தைச் சொல்லு. முதல் வரியிலேர்ந்து. ஒன்பதாவது கோரிக்கையை அடிச்சது யாரு?

— கமிட்டின்னு போடு.

— கமிட்டிக்குக் கை இல்ல. பேனாவை எடுத்து அடிச்சது ஒரு ஆளுதானே? சார் சொன்னாரில்ல, பேரோட இருக்கணும்.

— அது வேண்டாம்டி. எங்களைப் பத்தி எழுது, அது போதும்.

— ஏன் வேண்டாம்? உன் பேரை முப்பத்திரண்டு வருஷம் தெருத்தெருவா இழுத்தாங்க. அடிச்சவன் பேரை மட்டும் மூடி வெக்கணுமா? மாலைன்னு போட்டதுக்கு என்னை இந்தப் பேச்சுப் பேசினே, இப்போ நீ மறைக்கப் பாக்கிறே. அவன் செத்திருந்தாலும் சரி, சிலை வெச்சிருந்தாலும் சரி, எனக்குப் பயமில்ல. விரல் கீபோர்டு மேல தயாரா இருக்கு. சொல்லு.

— எழுதுவியா?

— எழுதுவேன்.

— அப்புறம் பின்வாங்க மாட்டியே?

— உன் பொண்ணும்மா நான்.

— சரி. உன் இனிஷியலை அடி, அது யாரு பேரோ அதை முழுசா எழுது.