தொட்டிக்குள் யாருமில்லை

டீ நன்றாக இருக்கிறது, சார். இஞ்சிதான் கொஞ்சம் தூக்கல்.

விபத்துக்கு மெஷின்மேல் பழி போட்டு நீங்கள் அறிக்கை எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். அறுபத்தேழில் கப்பலில் வந்து இறங்கிய கம்ப்யூட்டர் அது. இந்தச் செம்பூர்ச் சாய ஆலையில் வால்வுகளைத் திறந்து மூடுவதே அதுதான். எந்தத் தொட்டி காலி, எதற்குள் ஆள் இருக்கிறான், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் சற்றைக்கொருதரம் டேப்பில் பதிந்துவைக்கும். நடுவில் நின்றுபோனால் கடைசிப் பதிவைப் படித்துத் தொடரும். அந்தப் பதிவுக்குப் பிறகு நடந்தது எதுவும் அதற்கு நினைவிருக்காது.

பூலோகமும் நானும் அதன் ஆபரேட்டர்கள். தாராவியில் அடுத்தடுத்த வீடு. அவனுக்கு எங்கள் தெருப் பெண் தங்கமயிலைப் பேசி, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. நியாயமாக அவள் எனக்குத்தான் பொருத்தம். பேசியதில்லை, இதெல்லாம் பார்த்தாலே தெரியும். பூலோகம் சாப்பிட்டால் தெருமுனைவரை கேட்கும். அவள் நன்மைக்காக யாராவது ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

சனிக்கிழமை, காலியாக இருந்த தொட்டியில் அளவு காட்டும் மிதவை சிக்கிக்கொண்டது. பூலோகம் ஏணியில் கால் வைத்தபடி கேட்டான்: "நான் உள்ள போறேன்னு மெஷினுக்குச் சொல்லிட்டியாலே?"

"பக்காவாச் சொல்லியாச்சு. நீ எறங்குலே."

பொய்யில்லை, சார். 'உள்ளே ஆள்' பொத்தானை அழுத்தியிருந்தேன். அடுத்த பதிவு விழுமுன் மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டேன், அவ்வளவுதான். அது டேப்பைப் படித்து, தொட்டிக்குள் யாருமில்லை என்று நம்பி, வால்வைத் திறந்தது.

பூலோகம் தலைமுதல் கால்வரை நீலமாக ஏறி வந்தான். மறுநாள் அதே கோலத்தில் பெண் பார்க்கப் போனான். தங்கமயில் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாயம் போவட்டும், பெறவு முகூர்த்தம் வையுங்க" என்றாளாம். இரக்க சுபாவம் அவளுக்கு. அதைப் போய்ச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விளையாட்டாகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்கிறீர்கள். உங்களுக்குப் பெரிய மனசு. ஆனால் அது சரியில்லை. சாயம் வடிந்த தொட்டிக்கு அடுத்தது கொதிநீர்க் கழுவல். கடைசிப் பதிவிலும் அதுதான் இருந்தது. பலகை விளக்கில் பார்த்துவிட்டுத்தான் அணைத்தேன். அந்தப் பதிவு எப்படியோ பழுதாகியிருக்கிறது. மெஷின் தானாகவே அதற்கும் முந்திய, சாயம் நிரப்பச் சொல்லும் பதிவுக்குப் போய்ச் சாயத்தைத் திறந்துவிட்டது.

இப்படி ஒரு வசதி அதற்குள் இருப்பதை, சார், எனக்கு யாருமே சொல்லித்தரவில்லை.