இடதுபக்கம் இருந்த வரி

எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. இன்னமும் கண்ணாடி போடாமல்தான் படிக்கிறேன். கண்தான் என் பிழைப்பு. பின்லாந்தின் தம்பெரே நகரில், ஆற்றோரத்துப் பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு வருடம் ஒரே வேலை பார்த்தேன். நீங்கள் கேட்டதால் அது என்ன வேலை என்று சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் உடம்புக்குள் வலிமருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் பம்புகளுக்கு எங்கள் நிறுவனம் கணினி நிரல் எழுதியது. நிரலில் யார் கை வைத்தாலும் பெயர், நாள், காரணம் எல்லாம் பதிவாகிவிடும். ஒரு மாற்றம் வந்ததும் திரை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் பழையது, வலதுபக்கம் புதியது. எடுத்த வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை. எழுதியவரைத் தவிர இன்னொருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது பம்புக்குப் போகும்.

அந்த வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். நான் எழுதுவதை விர்பி பார்ப்பாள்; அவள் எழுதுவதை நான் பார்ப்பேன். விர்பி ரௌத்தியோ என்னைவிட ஒன்பது வயது இளையவள். அவளுக்குச் சாய்மி என்று கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். என் மனைவி பிரிந்து போன பிறகு, நடுக்கோடைத் திருநாளுக்கு ஏரிக்கரையில் இருக்கும் அவர்கள் குடிலுக்கு என்னையும் கூப்பிடுவார்கள். சவுனா என்ற நீராவிக் குளியலறைக்கு விறகு பிளப்பது என் பொறுப்பு.

போன வருடம் மார்ச்சில் ஒரு கோப்பைச் சீர்படுத்தினேன். வரிகளின் தொடக்கம் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று தாறுமாறாகக் கிடந்தது. எண்ணூறு வரியையும் ஒன்றிரண்டு இடம் தள்ளி நேர்படுத்தினேன். இடைவெளி மாறினாலே வரி மாறியதாகத்தான் கணக்கு என்பதால் இடதுபக்கம் முழுக்கச் சிவப்பு, வலதுபக்கம் முழுக்கப் பச்சை. விர்பி எழுந்து என் மேசைக்கே வந்துவிட்டாள்.

“ஓஸ்மோ, இதுல நான் என்னத்தப் பாக்குறது? தக்காளியும் வெள்ளரிக்காயும் கொட்டி வச்ச மாதிரி இருக்கு. இடைவெளிய தனியா அனுப்பு, மத்தத தனியா அனுப்பு.”

“மத்ததுன்னு ஒண்ணும் இல்ல. வெறும் இடைவெளிதான்.”

“நம்பலாமா?”

“நான் எப்ப உன்கிட்ட தப்பா ஒண்ணு அனுப்பியிருக்கேன்?”

அவள் சிரித்துவிட்டுப் போய் ஒப்புதல் கொடுத்தாள். இடைவெளி மாற்றங்களை மறைத்துவிட்டு மீதியை மட்டும் காட்டும்படி செய்ய ஒரு பொத்தான் உண்டு. அவள் அதை அழுத்தியிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அழுத்தியிருக்கலாம்.

ஒரு வரி போயிருந்தது. பம்பை அணைத்துப் போட்டால், அந்த மணி நேரத்தில் ஏற்கெனவே எவ்வளவு மருந்து போயிற்று என்பதை அதற்கு நினைவூட்டும் வரி. எப்படிப் போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கை தவறி அழிந்திருக்கும். அந்த வரி இல்லாத பம்பு, அணைத்துப் போட்டதும் ஒன்றுமே கொடுக்காததுபோல முதலிலிருந்து தொடங்கும்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, வடக்கே ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு, பம்பை அணைத்து வேறு வார்டுக்கு மாற்றிய பிறகு மூச்சு நின்றிருக்கிறது. செவிலி பார்த்துவிட்டதால் பிழைத்தார். நான் மார்ச் மாத மாற்றத்தைத் திறந்து அந்தப் பொத்தானை அழுத்தினேன். எண்ணூறு வரியும் மறைந்தன. நடுத்திரையில் சிவப்பாக ஒரே ஒரு வரி. மேலே என் பெயர்.

கழிப்பறைக்குப் போனேன். முகத்தைக் கழுவிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினேன்.  அந்த வேலை போனால் எனக்கு வேறொன்றும் இல்லை. வீட்டில் யாரும் இல்லை. விர்பி ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் இது தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். உண்மையாகவே அதைத்தான் முதலில் யோசித்தேன்.

பம்பை அணைத்துப் போடாதீர்கள் என்று எல்லா மருத்துவமனைக்கும் ஒரு வாக்கியம் அனுப்பினால் போதும். ஆனால் அனுப்பிய மறுநிமிடம் எந்த வரி, யார் எடுத்தது என்று கேட்பார்கள். எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது. மேலாளர் யார்க்கோவிடம், செவிலி ஏதாவது தவறாக அழுத்தியிருப்பார், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அதே மார்ச் வாரத்தில் விர்பியும் அந்தக் கோப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தாள். எச்சரிக்கை மணியின் ஒலி பற்றியது. மாற்றங்களெல்லாம் பதிவாகும் மையக் கணினியின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. அந்தச் சிவப்பு வரியை என் மாற்றத்திலிருந்து எடுத்து அவளுடையதில் வைத்தேன். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. மார்ச்சுக்குப் பிறகு வந்த மாற்றங்களையெல்லாம் நாள், நேரம் பிசகாமல் ஒவ்வொன்றாகத் திரும்பக் கோக்க வேண்டும். எங்கள் இருவரைத் தவிர வேறு யாராலும் அதைச் செய்திருக்க முடியாது. வட்டு பழுதாகிவிட்டது என்று சொல்லி, எல்லோரையும் அவரவர் கணினியில் இருந்த பழைய நிரல் நகலை அழித்துப் புதிதாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நான்கு நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை பிழையை நானே கண்டுபிடித்ததாக அறிவித்து எச்சரிக்கையை அனுப்பினேன். விர்பியின் மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தவன் என்ற முறையில், கவனிக்கத் தவறினேன் என்று எழுத்திலும் கொடுத்தேன். நேர்மையான மனிதர் என்று யார்க்கோ எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம், வேறொரு மருத்துவமனையில் அதே பம்பு பொருத்தியிருந்த ஒரு பெண் இறந்துபோயிருந்தாள். முப்பத்து நான்கு வயது. வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தைக்கு அன்று இரண்டாவது நாள். அந்த நேரத்தில் நான் உணவுக்கூடத்தில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைகளில் அதுதான். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். எனக்கு எப்படித் தெரியும்?

விசாரணைக் கூட்டத்தில் ஒப்பீட்டுத் திரையை நான்தான் காட்டினேன். விர்பி மறுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் என் மேசைக்கு வந்து, பக்கத்து நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“அந்த வரிய நான் எடுத்த ஞாபகமே இல்ல, ஓஸ்மோ. துளிகூட இல்ல. எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அம்பத்திரண்டு வயசுல.”

எல்லோருக்கும் மறக்கும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“மறந்தா மணியோட ஒலிய மாத்துனத மறக்கலாம். இத எப்படி மறப்பேன்? நீ இன்னொரு தடவ பாத்து சொல்லேன்.”

அவளுக்காக மறுபடியும் திறந்து காட்டினேன். அவள் பெயர்தான் இருந்தது.

நினைவாற்றல் பரிசோதனைக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர். திரும்பும் வழியில் அவள் அழுதாள். ஆரம்பத்தில் சோதனையில் தெரியாமலும் போகலாமோ என்று கேட்டாள். போகலாம் என்று எங்கோ படித்திருக்கிறேன் என்றேன். அப்படி நிஜமாகவே படித்திருந்தேன்.

அதன்பிறகு அவள் வேலையை விட்டாள். கார் சாவியை மகளிடம் கொடுத்தாள். அலமாரிக் கதவுகளிலெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி ஒட்டினாள். சாய்மி வீட்டில் இல்லாதபோது அடுப்பையே தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஏலக்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். சாய்மி எனக்கு நன்றி சொல்லுவாள்.

ஒரு ஞாயிறு, இறந்துபோன பெண்ணின் கணவருக்கு எழுதிய கடிதத்தை விர்பி என்னிடம் காட்டினாள். பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னாள். ‘அந்த வரியை நான் அழித்திருக்கலாம்’ என்று எழுதியிருந்தாள். துக்கத்தில் இருப்பவருக்கு அப்படி மழுப்பலாக எழுதினால் வேதனைதான் கூடும் என்று தோன்றியது. வேறு தாளில் நகலெடுத்து, ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். ‘அழித்தேன்.’ அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று கையெழுத்திட்டாள். தபாலில் சேர்த்ததும் நான்தான்.

சாய்மி இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்த மடிக்கணினியை நான் மறந்துவிட்டேன். விர்பி வீட்டில் வைத்து வேலை பார்த்த பழையது. மின்கலம் செத்துப்போய்ப் பரணில் கிடந்தது. அதில் மே மாத நகல் அப்படியே இருக்கிறது. உங்கள் நிபுணர் இரண்டையும் ஒப்பிட்டு நேற்று எனக்குக் காட்டினார். அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். வரியை அழித்தவன் நான். திங்கட்கிழமையே தெரிந்தும் வெள்ளிவரை சொல்லாமல் இருந்தவன் நான். விர்பியின் பெயரை அங்கே வைத்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விர்பியிடம் இதை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், இடிந்துபோவாள். ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பக்குவமாகச் சொல்கிறேன். இந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?