இடையில் யாரும் கூப்பிடாத வீடு

மெசின் வாங்குவதென்றால் அவசரப்படக்கூடாது, ஐயா. நான் மாதக்கணக்காக யோசித்துத்தான் வாங்கினேன்.

மண்கும்பானில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டே பஞ்சு வைத்த கட்டில் விரிப்புகள் தைத்து விற்கிறேன். கடற்கரை விடுதிகள் எடுக்கும்; பிறந்த பிள்ளைகளுக்கென்று கனடாவிலிருந்தும் கேட்பார்கள். கனத்த துணியைச் சாதாரண மெசினில் தள்ளித் தள்ளித் தோள்மூட்டு வீங்கிவிட்டது. அதனால்தான் யாழ்ப்பாணத்தில் மெசின் கடை வைத்திருக்கும் றொஜனிடம் போனேன்.

"சின்னதெண்டால் நீங்கள்தான் துணியை இழுக்கோணும், அக்கா. நீளக் கை வைச்ச பெரிய லோங் ஆம் மெசின் எண்டால் துணி சட்டத்தில அசையாமல் கிடக்கும், மெசின் அதுக்கு மேல ஓடும். ஆனா ஒரு தையல் கோட்டைத் தொடங்கினால் இடையில விடேலாது. விட்ட இடம் தெரியும். ஆராவது இடைக்கிடை கூப்பிடுற வீடோ?"

"இல்லை" என்றேன்.

அப்போது அது பொய். அதை உண்மையாக்க எனக்குச் சில கிழமைகள் தேவைப்பட்டன.

என் அக்கா கேதீஸ்வரி, மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தவள். நல்லவள். தான் கிடந்த நீளமான அறையை அவளே விட்டுத் தந்தாள்.

"பெரிய மெசினையே வாங்கு, வதனி. என்னைக் குசினிப் பக்கத்தில போட்டுவிடு."

ஆகவே இடம் ஒரு பிரச்சினையே இல்லை. கூப்பிடுவதுதான் பிரச்சினை. தண்ணீர் கேட்டுக் கூப்பிடுவாள். குடித்தால், பிறகு நனைந்த துணி மாற்றக் கூப்பிடுவாள். தண்ணீர் குறைந்தால் இரண்டும் குறையும் என்று எனக்குப் பட்டது. நிறையக் குடிக்காவிட்டால் சிறுநீரகம் பழுதாகி ஆளே போய்விடும் என்று ஆஸ்பத்திரித் தாதி சொல்லியிருந்தார். நான் அதை மறக்கவில்லை.

முதலில் பாதியாகக் குறைத்தேன். பிறகு ஒரு மிடறு மட்டும்.

"தண்ணி பவுசர் வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"வரேல்லை, அக்கா."

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பரல் நிறைந்திருந்தது.

"அப்ப நீயும் குடிக்காமலோ நிக்கிறாய்? எனக்கு வேண்டாம். உந்தத் தண்ணியை நீ குடி."

குடித்தேன். வேண்டாமென்றால் அவள் மனம் நோகும்.

காய்ச்சல் வந்தபின் கூப்பிடுவதை அவளே விட்டுவிட்டாள். உதடு மட்டும் அசையும். விசாரித்து வந்த அயலவர்களிடம் நித்திரை என்றேன். அம்புலன்ஸுக்கு அடிக்கவில்லை; கொண்டுபோனால் சுகமாக்கித் திருப்பி அனுப்புவார்கள்.

செத்தவீடு முடிந்த கிழமை மெசின் வந்தது. றொஜனே வந்து பூட்டித் தந்தான். "நல்ல அமைதியான வீடு, அக்கா" என்றான். முதல் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறுத்தாமல் ஓட்டினேன். பிசிறில்லை.

இப்போது வந்த பிரேத பரிசோதனை அறிக்கையில் உள்ளது சரி, ஐயா. தண்ணீரை நான்தான் நிறுத்தினேன். சாவாள் என்று தெரிந்தேதான் நிறுத்தினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பட்டினி போட்டேன் என்று ஊரில் கதைக்கிறார்களாம், அதை எழுதாதீர்கள். மூன்று நேரமும் சோறு குழைத்து வாயருகே கொண்டுபோனேன். அவள்தான் விழுங்கவில்லை.